சோலைவரித் துண்டில் யாருடைய பெயர்?

யாழ்ப்பாணத்தில் வீடு வளவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எங்கட சனம் லேசில் நிற்பாட்டாது. உறுதி யாருடைய பெயரில், எல்லைக்கல் எங்கே, வேலி எத்தனை அடி தள்ளிப் போட்டது, கிணற்றில் யாருக்குப் பங்கு, வழி யாருடைய காணிக்குள்ளால் போகுது என்று விடியும்வரைக்கும் கதைப்பார்கள். வீடு வளவுக்காக உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் சோலைவரி என்று கேட்டால் மட்டும், "அது ஏதோ வருசத்துக்கு ஒருக்காக் கட்டுறது" என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுவார்கள்.

காரணம் தெரிந்ததுதான். அநேகமான வீடுகளுக்கு அந்தத் தொகை பெரிதில்லை. ஒரு மாத மின்சாரக் கட்டணத்துக்குக் கிட்ட வந்தாலே அதிகம். சின்னத் தொகை என்றபடியால் துண்டை யாரும் வாசிப்பதில்லை. கட்டினோம், பற்றுச்சீட்டை வாங்கினோம், அலுமாரிக்குள் போட்டோம், அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் துண்டில் தொகையைவிட முக்கியமான இரண்டு விசயங்கள் இருக்கின்றன. ஒன்று, அதில் யாருடைய பெயர் இருக்கிறது. மற்றது, வீட்டுக்கு என்ன வருடாந்தப் பெறுமதி போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டும் சரியாக இருந்தால் வரி ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டில் ஒன்று பிழைத்தாலும் அதன் விலை பிறகு, வீட்டை விற்கப்போகும்போதோ கடன் எடுக்கப்போகும்போதோதான் தெரியவரும்.

முதலில், நீங்கள் எந்தச் சபை?

யாழ் மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. யாழ்ப்பாணம் மாநகர சபை. சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை மூன்றும் நகர சபைகள். மிச்சம் 13உம் பிரதேச சபைகள். சட்டமும் மூன்று: மாநகர சபைக்கு 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நகர சபைகளுக்கு 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். வரி அறவிடும் முறை மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எல்லையில்தான் ஆட்கள் குழம்புகிறார்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மாநகர சபை எல்லைக்குள் இருக்கிறது. நல்லூர் பிரதேச சபை என்பது வேறு. திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கமெல்லாம் அதற்குள்தான் வரும். புதிதாகக் காணி வாங்குகிறவர்கள் "நல்லூர்" என்ற பெயரைக் கேட்டுவிட்டுப் பிழையான கந்தோரில் போய் நிற்பது அடிக்கடி நடக்கிற விசயம்.

பிரதேச சபைகளில் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே எல்லா வீட்டுக்கும் சோலைவரி இல்லை. கட்டடங்கள் நெருங்கி அபிவிருத்தியடைந்த பகுதி என்று வர்த்தமானியில் பிரகடனப்படுத்திய இடங்களுக்குள் இருந்தால்தான் வரி. அதற்கு வெளியே பயிர்செய்யும் பெரிய காணிகளுக்கு ஏக்கர் வரி என்று ஒன்று இருக்கிறது. அதனால் ஒரே சபைக்குள், சந்திக்குக் கிட்ட இருக்கிற வீட்டுக்குத் துண்டு வரும், ஒழுங்கைக்குள் இருக்கிற வீட்டுக்கு வராது. "பக்கத்து ஊர்க்காரர் கட்டயில்லை, நான் ஏன் கட்டவேணும்?" என்பவர்களுக்குப் பதில் அந்த வர்த்தமானியில் இருக்கிறது.

வரி இருக்கிற இடங்களில் வீட்டு இலக்கமும் அநேகமாக வரி இலக்கம்தான். படலையில் ஒட்டியிருக்கிற 47/3 என்ற எண்ணை நாங்கள் விலாசம் என்று நினைக்கிறோம். சபையின் மதிப்பீட்டுப் பதிவேட்டில் உங்கள் ஆதனத்துக்கு இருக்கிற இலக்கம் அது.

கணக்கு எப்படி வருகிறது?

எங்கள் ஒழுங்கையில் ஒருவர் கேட்டார்: "அண்ணை, நான் என்ர வீட்டிலதானே இருக்கிறன். ஒருத்தருக்கும் வாடகைக்கு விடேல்லை. பேந்தென்ன வாடகைக் கணக்கில வரி?"

நல்ல கேள்வி. சோலைவரிக்கு அடிப்படை வருடாந்தப் பெறுமதி. உங்கள் வீட்டை நியாயமான ஒரு வாடகைக்காரருக்கு விட்டால் வருசத்துக்கு எவ்வளவு வாடகை வரும் என்று சபை எதிர்பார்க்கலாமோ அந்தத் தொகை. நீங்கள் வாடகைக்கு விடுகிறீர்களா, நீங்களே இருக்கிறீர்களா, பூட்டி வைத்திருக்கிறீர்களா என்பது கணக்கில் இல்லை. வீடு என்ன வாடகை பெறும் என்பதுதான் கணக்கு. அந்தப் பெறுமதியில் இத்தனை வீதம் வரி என்று சபை ஒவ்வொரு வருசமும் தீர்மானித்து அறிவிக்கும். வீட்டுக்கு ஒரு வீதமும் கடைக்கு அதைவிடக் கூடிய வீதமும் வைப்பது வழமை.

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். வருடாந்தப் பெறுமதி 36,000 ரூபாய், வரி வீதம் 8 என்று வையுங்கள். வருச வரி 2,880 ரூபாய். நாலு காலாண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 720 ரூபாய். மார்ச் 31, ஜூன் 30, செப்ரெம்பர் 30, டிசெம்பர் 31 என்று தவணை முடியும்.

முழு வருச வரியையும் ஜனவரி 31க்கு முன்னம் கட்டினால் 10 வீதக் கழிவு. இந்தக் கணக்கில் 288 ரூபாய் குறைந்து 2,592 கட்டினால் போதும். காலாண்டுக்குக் காலாண்டு கட்டுகிறவர்கள் அந்தந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம் கழியும். அப்படி நாலு தரமும் தவறாமல் கட்டினால் மொத்தம் 2,736. தைப்பொங்கல் செலவோடு செலவாக ஜனவரியிலேயே முடித்துவிடுவது எப்போதும் இலாபம்.

இந்த வாடகைக் கணக்கு பிரித்தானியர் விட்டுப்போன முறை. இங்கிலாந்தில் வீடுகளுக்கு இதை 1990இல் கைவிட்டார்கள். தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரி கொண்டுவந்து, அதனால் வீதியில் கலவரமும் கண்டு, 1993இலிருந்து கவுன்சில் ரக்ஸ் என்று ஒன்றுக்கு மாறினார்கள். அதில் வீட்டின் தரம் 1991 ஏப்ரல் 1ஆம் திகதி விலையை வைத்துத்தான் இன்றைக்கும் கணிக்கப்படுகிறது. ரொறன்ரோவில் இருக்கிற எங்கட ஆட்கள் கட்டுவதோ சந்தை விலையின் மேல் வரி, அதுவும் 2016 ஜனவரி 1ஆம் திகதி விலை. பழைய மதிப்பீட்டில் தொங்கிக்கொண்டிருப்பது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய வியாதி இல்லை.

மதிப்பீடு கூடினால்

பெறுமதியைச் சபை தன் விருப்பத்துக்குப் போடுவதில்லை. அரசாங்க விலைமதிப்புத் திணைக்களத்து உத்தியோகத்தர்கள் வந்து பார்ப்பார்கள். வீட்டின் பரப்பளவு, கூரை ஓடா சீற்றா தட்டா, நிலம் மாபிளா சீமெந்தா, வீதிக்கு முகப்பு எவ்வளவு, மேல்மாடி இருக்கா, முன்பக்கத்தில் கடை இறக்கியிருக்கா என்று குறித்துக்கொண்டு போவார்கள். அவர்களைப் பார்த்ததும் படலையைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது உங்களுக்குத்தான் நட்டம். உள்ளே வந்து பார்க்காதவர் வெளியே நின்று மதிலையும் கேற்றையும் பார்த்துத்தான் ஊகிப்பார். வெளிநாட்டுக் காசில் எழுப்பின மதில் பெரிதாகவும் உள்ளே வீடு பழைய நாச்சார் வீடாகவும் இருக்கிற வளவுகள் எங்கள் ஊரில் நிறைய இருக்கின்றன.

புதிய மதிப்பீடு வந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரவேண்டும். அதில் ஆட்சேபனை தெரிவிக்கக் கடைசித் திகதி போட்டிருக்கும். அந்தத் திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபனை கொடுத்தால் சபை விசாரிக்கவேண்டும். முடிவு திருப்தி இல்லை என்றால் நீதிமன்றத்துக்குப் போகவும் சட்டம் வழிவிடுகிறது. திகதி தாண்டிவிட்டால் அடுத்த மதிப்பீடு வரைக்கும் அதுதான் உங்கள் பெறுமதி.

ஆட்சேபனை எழுதும்போது "எனக்கு வருமானம் இல்லை, பென்சன்தான்" என்று எழுதுவதில் பலன் குறைவு. கேள்வி உங்கள் வருமானம் பற்றியதே இல்லை. அதே வீதியில், அதே அளவு வீடு என்ன வாடகைக்குப் போகிறது, அயல்வீட்டுக்கு என்ன பெறுமதி போட்டிருக்கிறார்கள், உங்கள் வீட்டின் எந்தப் பகுதி பாவனையில் இல்லை, ஷெல் விழுந்த பக்கம் இன்னும் திருத்தப்படவில்லையா, இவைதான் எடுபடும். படமும் எடுத்து இணையுங்கள்.

பெயர் என்ற பெரிய சங்கதி

இப்போது நான் உண்மையில் சொல்லவந்த விசயத்துக்கு வருகிறேன்.

ஸ்காபரோவில் இருக்கிற பெரியம்மாவின் மகள் போனில் கேட்டா: "தம்பி, அம்மாவின்ர பேரில வாற துண்டை நான் இங்கயிருந்து காசனுப்பிக் கட்டினாக் காணும்தானே?"

"கட்டுறதுக்குக் காணும் அக்கா. ஆனா பெரியம்மா செத்துப் பத்து வருசமாகுது. பதிவேட்டில இன்னும் அவவின்ர பேர்தான் கிடக்கு."

"அதால என்ன? வரி போகுதுதானே?"

வரி போகும். சபைக்குக் காசு வந்தால் சரி, கட்டினது யார் என்று அவர்கள் கேட்பதில்லை. ஆனால் நாளைக்கு அந்த வளவை அவ விற்க வெளிக்கிட்டாலோ, பிள்ளைகளுக்கு எழுத வெளிக்கிட்டாலோ, மேல்மாடி கட்ட அனுமதி கேட்டாலோ கந்தோரில் கேட்கும் முதல் கேள்வி, "பதிவேட்டில் இருக்கிறவர் யார்? நீங்கள் யார்?" என்பதாகத்தான் இருக்கும்.

எங்கள் ஊரில் இந்தச் சிக்கல் கூடுவதற்குக் காரணம் இருக்கிறது. தேசவழமைப்படி வீடு அநேகமாகப் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். தாய் தகப்பன் தங்களுக்குச் சீவிய உரித்து வைத்துக்கொண்டு மகளின் பெயரில் உறுதி முடிப்பார்கள். மகள் உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிந்துவிட்டு, கலியாணம் கட்டி, வெளிநாட்டுக்கும் போய்விடுவா. சபைப் பதிவேட்டில் தகப்பனின் பெயரோ, சிலவேளை தாத்தாவின் பெயரோ அப்படியே இருக்கும். ஏனென்றால் காணிப் பதிவகம் வேறு, சபைப் பதிவேடு வேறு. ஒன்றில் பதிந்தால் மற்றதில் தானாக மாறாது. நொத்தாரிசு உறுதியை முடித்துத் தந்த கையோடு, அதன் பிரதியுடன் சபைக்குப் போய்ப் பெயர்மாற்றத்துக்கு விண்ணப்பிக்கவேண்டியது உரிமையாளரின் வேலை.

பெயர்மாற்றத்துக்கு உறுதியின் பிரதி, நில அளவைப் படம், நிலுவை இல்லை என்பதற்குப் பற்றுச்சீட்டு, அடையாள அட்டைப் பிரதி, சபையின் விண்ணப்பப் படிவம், ஒரு சின்னக் கட்டணம் என்று அடிப்படையில் இவைதான் தேவைப்படும். இறந்தவர் பெயரில் இருந்தால் மரணச் சான்றிதழும் உரித்தாளிகள் யார் என்பதற்கான ஆவணமும் சேரும். உரித்தாளிகள் ஐந்து பேர் ஐந்து நாட்டில் இருந்தால் இது நீளும். அதனால்தான் தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே செய்யுங்கள் என்று சொல்கிறேன்.

காணியைப் பிரித்தாலும் இதே கதைதான். எட்டுப் பரப்பு வளவை நாலு சகோதரங்களுக்கு இரண்டு இரண்டு பரப்பாகப் பிரித்து வேலியும் போட்டாயிற்று என்று வையுங்கள். சபையில் அது இன்னும் ஒரே இலக்கம்தான். நாலு பேரில் ஒருவர் கட்டாவிட்டாலும் நிலுவை முழு இலக்கத்தின் மேலும் நிற்கும். உபபிரிப்புப் படத்துக்குச் சபை அனுமதி எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனி இலக்கம் போடுவித்தால்தான் ஒருவரின் கடன் மற்றவரின் தலையில் ஏறாது.

கட்டாமல் விட்டால்

சோலைவரிக் கடன் ஆளோடு போவதில்லை, ஆதனத்தோடு நிற்கும். நீங்கள் வாங்குகிற வீட்டுக்குப் பழைய சொந்தக்காரர் வைத்த நிலுவை இருந்தால், சபை உங்களிடம்தான் வரும். கட்டாதவர்களுக்கு ஆணைச்செலவு என்று மேலதிகக் கட்டணம் ஏறும். வீட்டில் இருக்கும் அசையும் பொருட்களைக் கைப்பற்றவும், அதுவும் காணாவிட்டால் ஆதனத்தையே விற்கவும் அல்லது தன்னிடம் உரித்தாக்கிக்கொள்ளவும் சபைக்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது.

வங்கியில் வீட்டுக்கடன் கேட்கிறவர்களிடம் வீதிக்கோட்டுச் சான்றிதழோடு இன்னொரு சான்றிதழும் சபையிலிருந்து எடுத்துவரச் சொல்வார்கள். இந்த ஆதனம் சபைக்கு உரித்தாக்கப்படவில்லை என்ற சான்றிதழ். பலபேர் அதை வெறும் சம்பிரதாயக் கடதாசி என்று நினைக்கிறார்கள். வரி நிலுவைக்காகச் சபை எடுத்துக்கொள்ளாத வீடுதானா இது என்று வங்கி கேட்கிறது. நிலுவையோடு போனால் அந்தக் கடதாசி கையில் கிடைக்காது.

மறுபக்கமும் சொல்லவேண்டும். சோலைவரி கட்டின பற்றுச்சீட்டு உறுதி ஆகாது. "இருபது வருசமாக நான்தான் வரி கட்டுறன், வீடு எனக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனால் அது மட்டும் காணாது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிச் சட்டப்படி பத்து வருசம் தடையில்லாமல், உரிமையாளருக்கு எதிராக, தனக்கென்று ஆட்சி செய்ததைக் காட்டவேண்டும். பற்றுச்சீட்டு அந்தச் சாட்சிகளில் ஒன்று, அவ்வளவுதான். அதேநேரம், இடம்பெயர்ந்து போனவர்களின் வளவில் வேறு ஆட்கள் இருந்துவிட்டு உரிமை கோருவதைத் தடுக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரைக்குமான காலத்தை இடம்பெயர்ந்த சொந்தக்காரருக்கு எதிராக எண்ணக்கூடாது என்பது அதன் சாரம். வழக்குப் போடுவதற்கு அது தந்த கால எல்லை இரண்டு வருசம்தான். வெளிநாட்டில் இருந்த எத்தனை பேருக்கு அந்த இரண்டு வருசத்துக்குள் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்தால் மனம் பதைக்கும். வளவு பூட்டிக் கிடந்தாலும் உங்கள் பெயரில் வரி கட்டிப் பற்றுச்சீட்டுகளை ஒழுங்காக வைத்திருங்கள். சண்டையில் அது வாள் ஆகாவிட்டாலும் கேடயத்தின் ஒரு துண்டாவது ஆகும்.

காசு எங்கே போகிறது?

"வரி கட்டி என்ன கண்டோம், வாய்க்காலில் வெள்ளம் நிற்குது" என்ற குறை எல்லா மாரியிலும் கேட்கும். குறையில் நியாயம் உண்டு. ஆனால் முதலில் வீதி யாருடையது என்று பாருங்கள். பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும் மாகாணத் திணைக்களத்துக்கும் உரியவை. ஒழுங்கைகள், தெருவிளக்கு, குப்பை, சந்தை, சுடலை, நூலகம், சிறுவர் பூங்கா இவைதான் சபையின் பொறுப்பு.

யாழ்ப்பாணம் பொது நூலகம் மாநகர சபையின் சொத்து என்பது இளம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. 1959 ஒக்டோபரில் அந்தக் கட்டடத்தைத் திறந்து வைத்தவர் அப்போதைய மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா. 1981இல் எரித்தார்கள், பிறகு கட்டியெழுப்பினோம். இன்றைக்கும் அதை நடத்துவது மாநகர சபைதான். கொழும்பிலிருந்து வரும் மானியத்துக்கு அங்கே ஆயிரம் நிபந்தனை இருக்கும். சபை தானே அறவிடும் காசில்தான் எதைச் செய்வது என்று எங்கள் ஆட்கள் தீர்மானிக்கமுடியும். அந்தக் காசில் சோலைவரிக்கு முக்கிய இடம் உண்டு.

அந்தத் தீர்மானத்தை எடுக்க ஆட்கள் இல்லாமல் ஒரு காலம் இருந்தது. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடையில் இரண்டு வருசத்துக்கு மேல் உத்தியோகத்தர்கள்தான் சபைகளை நடத்தினார்கள். நாங்கள் வரி கட்டினோம். ஆனால் கேள்வி கேட்க வட்டாரத்துக்கு ஒரு உறுப்பினர் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார். உங்கள் வட்டார உறுப்பினரின் பெயர் தெரியுமா?

அவர் பதில் சொல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உள்ளூராட்சி சபைகளும் அதற்குள் அடங்கும். "எங்கள் வட்டாரத்தில் கடந்த வருசம் சோலைவரியாக எவ்வளவு வந்தது, வாய்க்கால் வேலைக்கு எவ்வளவு செலவானது" என்று தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்லவேண்டும். என்ன தேவைக்கு என்று உங்களிடம் காரணம் கேட்க முடியாது.

புதிதாக வரும் என்று சொன்ன வரி?

2024 நடுப்பகுதியில் ஒரு பரபரப்பு. சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாட்டில், சொந்த வீட்டுக்குக் கணிப்பிட்ட வாடகை வருமானத்தின் மேல் 2025 ஏப்ரலுக்கு முன்னம் வரி கொண்டுவருவதாக அப்போதைய அரசாங்கம் சொல்லியிருந்தது. அந்தத் திகதியில் அது வரவில்லை. சொத்து வரி என்ற கதை மட்டும் திரும்பத் திரும்ப வரும். சோலைவரியோடு இதைப் போட்டுக் குழப்பவேண்டாம். சோலைவரி உங்கள் சபைக்கு. அது கொழும்புக்கு. ஆனால் எந்தப் புதிய சொத்து வரி வந்தாலும் அதற்கும் வீட்டின் பெறுமதி தேவைப்படும். ஏற்கெனவே பெறுமதி எழுதியிருக்கிற பதிவேடு உள்ளூரில்தான் இருக்கிறது. பிழையான பெயரும் பிழையான பெறுமதியும் இன்றைக்கு 300 ரூபாய்ப் பிரச்சினையாகத் தெரியலாம், நாளைக்கு அப்படி இருக்காது.

வரியைக் குறைக்கச் சொல்லிக் கேட்கிற ஆளில்லை நான். பழைய மதிப்பீட்டில் சின்ன வரி கட்டிக்கொண்டு, சபை ஒன்றும் செய்வதில்லை என்று பேசுவது எங்களுக்கு வசதியான ஒரு பழக்கம். சரியான பெறுமதிக்குச் சரியான வரியைக் கட்டுவோம், கட்டினதுக்குக் கணக்கும் கேட்போம் என்பது என் கட்சி.

அதனால் அடுத்த ஜனவரி 31க்கு முன்னம் வரி கட்டப் போகும்போது கவுண்டரில் காசை நீட்ட முதல் மூன்று கேள்வி கேளுங்கள். பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கு? என்ன வருடாந்தப் பெறுமதி போட்டிருக்கு, எந்த வருசத்து மதிப்பீடு? பழைய நிலுவை ஏதும் இருக்கா? பதிலைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள், உங்களுக்காகக் கட்டுகிறவரிடம் பற்றுச்சீட்டின் படத்தை மட்டும் கேட்காமல் இந்த மூன்று பதிலையும் கேளுங்கள். பெரியம்மாவின் மகளுக்கும் இதைத்தான் சொன்னேன். அக்கா இப்போது உடன்பிறந்தவர்கள் நாலு பேரையும் ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்த்து, மரணச் சான்றிதழ் யாரிடம் இருக்கிறது என்ற சண்டையைத் தொடங்கியிருக்கிறா. அது நல்ல சண்டை. இப்போதே முடித்துவிட்டால், பிள்ளைகள் நீதிமன்றத்தில் அதைப் போடவேண்டி வராது.